அப்பாவின் லாரிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

கோயம்புத்தூரில் அந்தக் கடைக்காரர் என் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கேள்வி கேட்டதெல்லாம் நான். பதிலெல்லாம் என் கணவருக்குப் போனது.

"எட்டு ஜிபி மெமரி இருக்கற கார்டுல எது கைவசம் இருக்குதுங்க?" என்று நான் கேட்டேன்.

"சார் என்ன கேம் ஆடுவீங்க?" என்று அவர் கணவரைக் கேட்டார்.

என் கணவர் நீலகிரி மலையில் மஞ்சூரில் மருந்துக் கடை வைத்திருப்பவர். கிராபிக்ஸ் கார்டு என்ற பொருளை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வாங்கறது அவங்கதான், அவங்களையே கேளுங்க" என்று என் பக்கம் கை காட்டினார். கடைக்காரர் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டு சிரித்தார். "அப்படின்னா மேடத்துக்கு லைட் எரியற மாடல்தான் புடிக்கும். கலர் கலரா எரியும், பாக்க அம்சமா இருக்கும்" என்றார். அப்போதும் என் கணவரைப் பார்த்துத்தான்.

அன்று வந்த கோபம் இன்னும் எனக்கு முழுசாக இறங்கவில்லை. அந்தக் கோபத்தில் நான் ஒரு தப்பும் செய்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தக் கார்டு எதற்காக, யாருக்காக என்று சொல்லிவிடுகிறேன்.

மஞ்சூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் ஆபீஸ் வேலை பார்த்தேன். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கி, குன்னூர் ஏலத்துக்கு அனுப்பும் தொழிற்சாலை. அங்கே கம்ப்யூட்டர்களைத் திறப்பது, தூசி தட்டுவது, பழுது பார்ப்பது எல்லாம் நான்தான். என் அப்பா அதே தொழிற்சாலையின் இலை லாரியை ஓட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பிருந்தே ஓட்டினார். மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொரு ஊராகப் போய், சாலையோரம் எடை போட்டு வைத்திருக்கும் இலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வருவார்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. ஒரு வருடத்தில் சரியாகிவிடும் என்றார்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னார்கள். ஏலத்தில் எங்கள் தூளைக் கேட்க ஆளில்லை. கிடங்கு நிரம்பி வழிந்தது. தினமும் இவ்வளவு இலைதான் எடுப்போம் என்று முதலாளி கோட்டா போட்டார். எந்த ஊரில் எத்தனை மூட்டை என்ற பட்டியலை ஆபீசில் நான் டைப் செய்வேன். அதைச் சாலையில் நின்று விவசாயிகளிடம் சொல்ல வேண்டியவர் அப்பா. முதலாளி ஒரு நாளும் அந்தச் சாலைக்கு வரவில்லை.

பறித்த இலை மறுநாள் வரை தாங்காது. அப்பா ஏற்றாமல் விட்ட மூட்டைகளை லாரிக்கு முன்னாலேயே அவிழ்த்துக் கொட்டினார்கள். அவரைக் கேட்காத கேள்வி இல்லை. ஒருவர் கை நிறைய இலையை அள்ளி அவர் முகத்தில் வீசினார். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது சட்டைப் பையில் இலை இருந்தது. நான் டைப் செய்த பட்டியலும் அதே பையில்தான் இருந்தது.

வாரத்தில் ஆறு நாள் ஓடிய தொழிற்சாலை மூன்று நாளானது. கடைசியில் பூட்டினார்கள். அன்றைக்கு முதலாளி வந்து எல்லோருக்கும் செட்டில்மெண்ட் கொடுத்தார். "ஆபீஸ் சாமான்ல வேணுங்கறத எடுத்துக்கங்க" என்றும் சொன்னார், ஏதோ பெரிய தர்மம் செய்கிறவர் மாதிரி. விலை விழுவதற்கு முன்பு, வெளியூர் வியாபாரிகளுக்குத் தூளின் நிறத்தைப் படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று அவர் ஒரு பெரிய திரை வாங்கிப் போட்டிருந்தார். இருபத்தேழு அங்குலம். வழக்கமான திரையைப் போல நான்கு மடங்கு புள்ளிகள், ஃபோர்கே என்பார்கள். அதை நான் எடுத்துக்கொண்டேன். அப்பா எதையும் எடுக்கவில்லை. லாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்.

வேறு வண்டி ஓட்டலாம் என்றால் கண் ஒத்துழைக்கவில்லை. இரண்டு கண்ணிலும் புரை எடுத்து, ஒன்றில் பார்வை சரியாகத் திரும்பவில்லை. ஹெவி லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எங்களோடுதான் இருந்தார். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுக் கொடுத்தால், அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவார். பேச்சுக் கொடுத்தால் சண்டைக்கு வருவார்.

நான் கல்லூரி நாளிலிருந்து கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவள். முப்பத்தாறு வயதுப் பொம்பளை கேம் ஆடுகிறாள் என்றால் நம் ஊரில் சிரிப்பார்கள். இல்லாவிட்டால், வீட்டில் வேலை இல்லையா என்று கேட்பார்கள். ஆம்பளை நாள் முழுக்க கிரிக்கெட் பார்த்தால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. என்னிடம் பழைய ஸ்டீயரிங் செட் ஒன்று இருந்தது, கால் பெடல்களோடு. லாரி ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டு, அப்பாவை அதன் முன்னால் உட்கார வைத்தேன். முதலில் திட்டினார். அப்புறம், "கியர் எங்க இருக்குது?" என்று கேட்டார்.

பத்து நிமிடம் ஓட்டினார். எழுந்து போய் வாந்தி எடுத்தார்.

திரையில் நாம் பார்க்கும் ஓட்டம் என்பது ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து காட்டப்படும் படங்கள்தான். வரைவது கிராபிக்ஸ் கார்டு. என்னுடையது இரண்டு ஜிபி மெமரி வைத்த பழைய கார்டு. அவ்வளவு பெரிய திரைக்கு முழுத் தெளிவோடு வரைய அதனால் முடியவில்லை. நொடிக்கு அறுபது படம் வர வேண்டிய இடத்தில் இருபதுகூட வரவில்லை. அதுவும் சீராக வராமல், ஒரு வளைவில் உறைந்து நின்று, அடுத்த வளைவில் தாவியது. கை ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சாலை திரும்பியது. முப்பது வருடம் மலையில் ஓட்டிய உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

சரி என்று தெளிவைக் குறைத்து வைத்தேன். வண்டி ஓரளவு சீராக ஓடியது. எழுத்து மங்கிப்போனது.

"போர்டுல என்ன எழுதியிருக்குதுன்னே தெரியல கண்ணு. எந்தப் பக்கம் திரும்பறது, எங்க நிறுத்தறது?" என்றார் அப்பா.

அவர் கண்ணுக்குத் தெளிவு வேண்டும். அவர் தலைக்குச் சீரான ஓட்டம் வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் மற்றது போனது. என் கணவர் கடையிலிருந்து வாந்தி மாத்திரை கொண்டுவந்தார். அப்பா அதைப் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். மாத்திரை போட்டுக்கொண்டு கேம் ஆடிய மனிதர் நீலகிரியிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். வாந்தி நின்றது, ஸ்டீயரிங்மேல் சாய்ந்து தூங்கிவிட்டார்.

புதுக் கார்டு வாங்குவதென்று முடிவு செய்தேன். ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். விளம்பரத்தில் எல்லாம் சராசரி வேகத்தைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். சராசரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஊருக்குள் வண்டி நுழையும்போது, மழை பெய்யும்போது, எதிரில் பத்து வண்டி வரும்போது வேகம் எவ்வளவு விழுகிறது என்பதுதான் அப்பாவின் தலைசுற்றலைத் தீர்மானிக்கும். அந்தக் கணக்கைத் தேடித் தேடி எடுத்தேன். ஃபோர்கே திரைக்கு எட்டு ஜிபி மெமரியாவது வேண்டும் என்று தெரிந்தது. என் பெட்டிக்குள் எவ்வளவு நீளமான கார்டு நுழையும் என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். பழைய பவர் சப்ளை தாங்காது, அதையும் மாற்ற வேண்டும். எங்கள் ஊரில் அதோடு நல்ல யுபிஎஸ்ஸும் வேண்டும். மலையைக் குடைந்து தண்ணீரை இறக்கி, எங்கள் காலடியில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். அதெல்லாம் எங்கேயோ போய் எரிகிறது. எங்கள் வீட்டில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கரண்ட் போய்விடும்.

சொந்தக்காரர்கள் போன் செய்தார்கள். "பேக்டரி மூடிக் கெடக்குது, அப்பனும் மகளும் பொம்மை வண்டி ஓட்டறீங்களாமா?" என்று கேட்டார்கள். இதே ஆட்கள் அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆறு மாதத்தில் ஒரு நாளும் போன் செய்யவில்லை.

இப்படித்தான் அந்தக் கடைக்கு நானும் கணவரும் போய்ச் சேர்ந்தோம். கலர் லைட் பேச்சைக் கேட்ட பிறகு எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. ஆனால் நான் தேடிய கார்டு அந்தக் கடையில்தான் இருந்தது. கார்டை அலமாரியிலிருந்து எடுத்தார். பெட்டி ஒட்டியிருந்தது. "பிரிச்சுப் பாக்கணுங்க" என்றேன். "சீல் பிரிச்சா ரிட்டர்ன் இல்லீங்க சார்" என்று கணவரிடம் சொன்னார். அந்த ஆளின் குரலை இன்னும் ஒரு நிமிடம் கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. பவர் சப்ளை, யுபிஎஸ்ஸோடு சேர்த்துப் பில்லைப் போடச் சொல்லி, வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு மாதம் படித்தவள், கோபத்தில் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் கார்டைப் பொருத்தினேன். படம் அற்புதமாக வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தூரத்தில் இருந்த ஒரு போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். இருபது நிமிடம் ஓட்டியிருப்பார். திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள் தெறித்தன. பிறகு கறுத்துப்போனது. மறுபடி போட்டோம். மறுபடி இருபது நிமிடம், பச்சைப் புள்ளி, இருட்டு.

"நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டனா கண்ணு?" என்று அப்பா கேட்டார். யாரோ செய்ததற்கெல்லாம் பதில் சொல்லியே பழகிய மனிதர், இதற்கும் தன்னையே சந்தேகப்பட்டார்.

கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரங்களில் எண்ணெய்க் கசிவு. திருகுகளில் கீறல், யாரோ முன்பே கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பெட்டியில் அச்சடித்திருந்த எண் ஒன்று, கார்டில் ஒட்டியிருந்த எண் வேறு. எனக்குப் புரிந்துவிட்டது. கிரிப்டோ என்று கம்ப்யூட்டரில் காசு உண்டாக்குகிறவர்கள் ஷெட் போட்டு, வரிசையாக இந்தக் கார்டுகளை அடுக்கி, ராப்பகலாக மாதக்கணக்கில் ஓடவிடுவார்கள். அந்தக் காசின் விலை விழுந்ததும் கார்டுகளை மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். அதைத் துடைத்து, வேறு பெட்டியில் போட்டு, புதுசு என்று விற்கிறவர்களும் உண்டு. அங்கே ஒரு விலை விழுந்தால் அதன் குப்பையும் எங்கள் தலையில்தான் வந்து கொட்டுகிறது.

இந்தத் தடவை தனியாகப் போனேன். கணவர் வருகிறேன் என்றார். "நீங்க வந்தா அந்தாளு உங்ககிட்டத்தான் பேசுவான். வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் பெட்டியை முழுசாகப் பழைய போர்வையில் சுற்றி, காலைப் பஸ்ஸில் டிரைவர் பக்கத்துப் பலகையில் வைத்துக்கொண்டு, கெத்தை வழியாக அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் அதைக் கையால் பிடித்தபடியே இறங்கினேன்.

கடையைத் திறந்த சமயம். கார்டையும் அது வந்த அட்டைப்பெட்டியையும் கண்ணாடி மேசைமேல் வைத்துப் பழுதைச் சொன்னேன்.

"எங்கிருந்து வர்றீங்க? மஞ்சூருங்களா? அதுதானுங்க" என்றார் கடைக்காரர். "மலையில ஈரம் ஜாஸ்தி. கரண்டும் ஏறி எறங்கும். அதுல கார்டு போயிருக்கும். அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"நம்பர் மாறினதும் ஈரத்துலதானுங்களா?" என்று கேட்டேன்.

அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். "எங்களுக்கு வந்தபடிதானுங்க குடுத்தோம்" என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "நீங்க ஒண்ணு பண்ணுங்க. சாரைக் கூட்டிட்டு வாங்க. நான் அவர்கிட்டப் பேசிக்கறேன்" என்றார்.

நான் கத்தவில்லை. கத்தினால், பொம்பளை கத்துகிறாள் என்று அதைப் பேச்சாக்கிவிடுவார்கள். அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்து, பில் போடும் மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் கார்டையும் பெட்டியையும் நீட்டினேன். "இந்த ரெண்டு நம்பரும் ஒண்ணான்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றேன். முதலில் வந்தவர் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். இரண்டாவதாக வந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் எண்ணைப் படித்தார்கள், திருகைத் தடவிப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே போனார்கள். அதற்குப் பிறகு வந்த ஒருவர், தான் போன வாரம் அங்கே வாங்கிய கார்டின் நம்பரை வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

கடைக்காரர் எனக்கு டீ வரவழைத்தார். தம்ளரைப் பார்த்தேன். பதினோரு வருடம் தூளின் நிறம் பார்த்தவளுக்குச் சாயம் கலந்த தூள் தெரியாமல் போகாது. இந்தச் சாயத்தூளைக் குடித்துக்கொண்டு எங்கள் தூளுக்கு விலை இல்லை என்கிறார்கள். நான் அதைத் தொடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் இறங்கி வந்தார். "வேற கார்டு தர்றனுங்க மேடம். எடுத்துட்டுப் போங்க."

"இங்கயே பிரிச்சு, என்ற பெட்டியில மாட்டி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் எடுப்பேனுங்க" என்றேன்.

முதலில் கொடுத்ததன் எண்ணும் ஒத்துப்போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் அதைத் திருப்பித் தள்ளினேன். இரண்டாவது, வேறு கம்பெனிக் கார்டு. எண் சரியாக இருந்தது, திருகு புதுசாக இருந்தது. ஆனால் நீளம் அதிகம். பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் மாட்டும் கூண்டு இடித்தது. ஸ்குரூ டிரைவர் வாங்கி, அந்தக் கூண்டைக் கழற்றி எடுத்துவிட்டு, கார்டை உள்ளே இறக்கினேன். கடையில் வேலை செய்கிறவர்கள் வந்து நின்று பார்த்தார்கள். யாரும் கலர் லைட்டைப் பற்றிப் பேசவில்லை. கடையிலிருந்த ஃபோர்கே திரையில் இணைத்து, அப்பாவின் லாரியை மழையில், ஒரு பெரிய ஊருக்கு நடுவே நிறுத்தி ஓடவிட்டேன். மூலையில் வேகம் காட்டும் எண் அறுபதிலேயே நின்றது. ஒரு முறை ஐம்பத்தேழுக்கு இறங்கி ஏறியது. ஒரு மணி நேரம் முழுசாக உட்கார்ந்தேன். கடைக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. சாயங்காலப் பஸ்ஸில் ஏறினேன்.

அடுத்த நாள் அப்பா இரண்டு மணி நேரம் ஓட்டினார். மாத்திரை வேண்டியிருக்கவில்லை. வழியில் வரும் வெளிநாட்டு ஊர்ப் பெயர்களை எழுத்துக் கூட்டி, அவர் இஷ்டத்துக்கு உச்சரித்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது பழக்கத்தில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் எங்கள் பீரோதான் இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டபோது, "லோடு எறக்கிட்டு வர்றேன்" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ. நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு மலைச் சாலை, நீண்ட இறக்கம். லாரி வேகம் பிடித்தது. அப்பா காலை எடுக்கவில்லை. வளைவு வந்தது. ஸ்டீயரிங் திரும்பவில்லை. தடுப்பை உடைத்துக்கொண்டு லாரி பள்ளத்தில் பாய்ந்து உருண்டது.

கார்டு மறுபடி போய்விட்டது, படம் உறைந்துவிட்டது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கத்தியைக் கீழே போட்டுவிட்டு மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். அறுபது. கொஞ்சமும் அசையவில்லை.

அப்பா ஆட்டத்தை மறுபடி அதே மேட்டிலிருந்து தொடங்கினார். மறுபடி இறக்கம். மறுபடி பள்ளம். மூன்றாவது தடவையும் அப்படித்தான். இத்தனை வருடத்தில் தொழிற்சாலை லாரியில் ஒரு கீறல் விழவிடாதவர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், முழு லோடோடு வண்டியைப் பள்ளத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?" என்றேன்.

"முப்பது வருசம் ஒவ்வொரு எறக்கத்துலயும் பயந்து பயந்து ஓட்டுனேன் கண்ணு" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எவனுக்காகப் பத்திரமா கொண்டுபோய்ச் சேத்தேன்னு நெனச்சா ஆத்திரமா வருது."

"தலை சுத்துதுங்களா?"

"இல்ல. நல்லா சீராத்தான் விழுகுது."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் மேலே போனால் இதைவிட ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். அப்பா கியரைப் போட்டார்.